கொட்டகைக்குள் போகாத நாட்கள்

காளான் வளர்க்கிற வீட்டில் மனுஷரை யாரும் நலம் விசாரிப்பதில்லை. காளான் எப்படி இருக்கிறது என்றுதான் கேட்பார்கள். டவுன் பஸ் கண்டக்டர் கேட்பார், கச்சிராயபாளையத்தில் என்னிடம் வாங்குகிற காய்கறிக் கடைக்காரர் கேட்பார், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர்கள் கேட்பார்கள். நீ எப்படி இருக்கிறாய் என்று ஒருத்தராவது கேட்டிருந்தால் பதில் தயாராக இருந்தது. தூக்கம் போதவில்லை என்று சொல்லியிருப்பேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால், இரண்டு தென்னைக்கு நடுவில், கீற்று வேய்ந்த கொட்டகை ஒன்று இருக்கிறது. தரையில் ஆற்று மணல். சுவருக்குப் பதில் நனைத்துத் தொங்கவிட்ட சாக்கு. உள்ளே குறுக்குக் கழிகளில் வரிசையாகத் தொங்கும் வைக்கோல் பைகள். அவற்றில்தான் சிப்பிக் காளான் வருகிறது. அதற்கு முன்னால் நான் எங்கள் கரும்பில் களை எடுத்துக்கொண்டும் தோகை உரித்துக்கொண்டும் இருந்தேன். சொந்த நிலம் என்பதால் கூலியும் கிடையாது, லீவும் கிடையாது. வேளாண்மைத் துறையில் பெண்களுக்குக் காளான் பயிற்சி என்று யாரோ சொல்ல, போய்க் கற்றுக்கொண்டு வந்தேன். மாமியாருடையது, வீட்டுக்காரருடையது, பிள்ளைகளுடையது என்று எங்கள் வீட்டில் எல்லாமே யாருடையதாகவோ இருந்தது. என்னுடையது என்று ஊரே சொன்னது அந்தக் கொட்டகையை மட்டும்தான். அதனால் அதன் மேல் எனக்குக் கொஞ்சம் வெறியே இருந்தது என்று சொல்ல வேண்டும்.

சுலபமான வேலை என்று பயிற்சியில் சொன்னார்கள். சொன்னவர் ஊறின வைக்கோலைத் தண்ணீர் டிரம்மிலிருந்து தூக்கிப் பார்த்ததில்லை போலிருக்கிறது. வைக்கோலை நறுக்கி, ஊறவைத்து, வேகவைத்து, நிழலில் ஆற்றி, ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பார்க்க வேண்டும். சொட்டு விழக் கூடாது, உள்ளங்கை மட்டும் ஈரமாக வேண்டும். அவசரப்பட்டுச் சொட்டுகிற வைக்கோலைப் பையில் அடைத்தால், காளானின் வெள்ளை இழை ஓட வேண்டிய இடத்தில் பச்சைப் பூசணம் பிடித்துவிடும். அந்தப் பையை அங்கேயே பிரித்துப் பார்க்கிற ஆசையும் கூடாது. தூள் பறந்து பக்கத்துப் பைக்கும் ஒட்டும். கட்டினது கட்டினபடி கொண்டுபோய்க் குழியில் புதைக்க வேண்டும். நான் பிரித்துப் பார்த்துத்தான் இதைக் கற்றேன்.

அப்புறம் ஈ வந்தது. கதவுக்கு வலை அடித்தேன், எருக்குழியைத் தூரமாக மாற்ற வைத்தேன். மாற்றியது யார் என்று கேட்காதீர்கள், தோள் இன்னும் வலிக்கிறது. சித்திரை வெயிலில் மொட்டு கருகினால் உள்ளே ஈரம் போதவில்லை. காம்பு மட்டும் விரல் நீளத்துக்கு நீண்டு, மேலே குடை பொத்தான் அளவுக்கு நின்றுவிட்டால் காற்றோட்டம் இல்லை, சாக்கைத் தூக்கிவிட வேண்டும். ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு முகம் உண்டு. பிள்ளைக்கு நிஜமாகவே வயிற்றுவலியா, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடப் பார்க்கிறதா என்று கண்டுபிடிப்பதைவிட இது எனக்கு எளிதாக இருந்தது.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. நன்றாக வந்துகொண்டிருக்கிற காளானில் திடீரென்று மஞ்சள் புள்ளி விழும். மறுநாள் பழுப்பாகும். குடை வழவழவென்று ஆகி, மீன் கழுவின தண்ணீர் மாதிரி நாறும். குட்டி மொட்டுகள் கொத்துக் கொத்தாக அழுகும். கொஞ்ச நாளில் தானாகவே சரியாகிவிடும். அப்பாடா என்று மூச்சு விட்டு உட்கார்ந்தால் அடுத்த மாதம் மறுபடியும் வந்து நிற்கும்.

பயிற்சி கொடுத்த அலுவலருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அவர் பார்த்ததுமே சொல்லிவிட்டார்.

"தண்ணி ஜாஸ்திம்மா. மொட்டு மேல ஊத்துறீங்க."

"ஊத்தல சார். ஸ்ப்ரேயர்லதான் அடிக்கிறேன், பனி மாதிரி."

"அடிச்ச பெறகு காத்து விடறீங்களா? குடை மேல ஈரம் நிக்கக் கூடாது."

"விடறேன் சார்."

"அப்ப தண்ணியிலயே ஏதாவது இருக்கும்" என்றார்.

நான் போர் தண்ணீரை விட்டுவிட்டுத் தெருக் குழாய்த் தண்ணீருக்கு மாறினேன். அதைக் குடம் குடமாகத் தூக்கினேன். வைக்கோலை வேறு களத்திலிருந்து வாங்கினேன். காளான் விதையைக் கள்ளக்குறிச்சியில் வேறு ஆளிடம் வாங்கினேன். தரை மணலை வாரிக் கொட்டிப் புது மணல் போட்டேன், கழிகளுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். எதையெல்லாம் மாற்ற முடியுமோ அதையெல்லாம் மாற்றினேன். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் கொஞ்ச நாள் நன்றாக இருக்கும். பிறகு ஒருநாள் உள்ளே போனால் அதே நாற்றம்.

என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. கரும்பு வெட்டுக் காலத்தில் ஆலைக்கு டிராக்டர் ஓட்டுவார், மற்ற காலத்தில் வயலைப் பார்ப்பார், மீதி நேரத்தில் போனைப் பார்ப்பார். அழுகின காளானை நான் கூடை கூடையாகக் குழியில் கொட்டுவதைப் பார்த்துப் பார்த்து அவருக்கும் அலுத்துவிட்டது. "இன்னொரு தபா இப்புடி போச்சின்னா வுட்டுடலாம். மலையிலேருந்து நாலு ஆடு வாங்கியாந்து அந்தக் கொட்டாயில கட்டிக்கலாம்" என்றார். கோபத்தில் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அதனால் நிஜமாகவே செய்துவிடுவார் என்று தெரிந்தது. ஆடு வந்தால் தழை ஒடிக்கப் போவதும் நானாகத்தான் இருக்கும்.

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மாதவிலக்கு நாட்களில் நான் வீட்டுக்குத் தூரம். பின்பக்கத் தாழ்வாரத்தில் எனக்கு ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு டம்ளர். சமையற்கட்டு, சாமி மாடம், கிணற்றடி எதற்கும் போகக் கூடாது. கருவேப்பிலைச் செடியைத் தொட்டால் பட்டுப்போகும், ஊறுகாய் ஜாடியைத் தொட்டால் பூத்துப்போகும் என்பார்கள். காளான் வந்த புதிதிலேயே என் மாமியார் அதையும் ஊறுகாயோடு சேர்த்துவிட்டார். "பட்டுனு பூஞ்ச புடிக்கிற சமாச்சாரம். அந்த மூணு நாளு நீ அந்தப் பக்கம் போவாத, நான் தண்ணி வுட்டுக்கிறேன்" என்றார். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தை சொன்னால் எங்கள் வீட்டில் மறுபேச்சு இல்லை.

சென்னையில் வேலை பார்க்கிற என் தங்கை இதைக் கேட்டால் கொதிப்பாள். இந்தக் காலத்தில் இப்படியா, நீ ஏன் அடங்கிப் போகிறாய் என்பாள். அவள் சொல்வது சரி. எனக்கும் தீட்டில் நம்பிக்கை கிடையாது. ஆனால் ஒன்றை அவளிடம் சொன்னதே இல்லை. அந்த மூன்று நாளும் நான் தூங்குவேன். காலைச் சாப்பாடு தட்டில் வரும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தின்றுவிட்டுப் படுத்தால் மத்தியானம்தான் விழிப்பு. அப்புறமும் படுக்கலாம். யாரும் எழுப்ப மாட்டார்கள், எழுப்பினாலும் என்னிடம் சொல்ல அவர்களுக்கு வேலை இல்லை. மாதத்தில் மற்ற நாளெல்லாம் அந்தப் பாயை நினைத்துக்கொண்டுதான் ஓட்டுவேன். வலியோடு வருகிற ஓய்வுதான், அதற்காக வேண்டாம் என்று சொல்வேனா?

அலுவலர் ஒருநாள் போன் செய்தார். பொறுமையான மனிதர்.

"இது எப்பெப்ப வருதுன்னு பாத்தீங்களாம்மா? மழைக்கா, வெயிலுக்கா? ஏதாவது ஒரு முறை இருக்கணுமே."

"மழைக்கும் வருது, வெயிலுக்கும் வருது சார். மாசாமாசம் வருது. நாள்தான் கொஞ்சம் முன்ன பின்ன."

சொன்ன வாயை அப்படியே மூடிக்கொண்டேன். அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. "அந்தச் சமயத்துல மட்டும் நீங்க என்ன வித்தியாசமா செய்றீங்கன்னு பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்தச் சமயத்தில் நான் எதுவுமே செய்வதில்லை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

அடுத்த தடவை தாழ்வாரத்தில் படுத்தபோது தூங்காமல் கிடந்தேன். அந்தத் தூக்கம் போனதே எனக்கு எரிச்சலாக இருந்தது. காலை வெயில் ஏறினதும் அத்தை கொட்டகைக்குள் போகிற சத்தம் கேட்டது. ஸ்ப்ரேயர் என்றால் புஸ்ஸென்று கேட்க வேண்டும். கேட்டது சளக் என்று ஒரு சத்தம். கொஞ்சம் கழித்து இன்னொரு சளக். எழுந்துபோய்ச் சாக்குச் சந்தில் பார்த்தேன். அத்தை துளசிச் செடிக்கு ஊற்றுவது மாதிரி, சொம்பைத் தூக்கித் தூக்கி ஒவ்வொரு பையின் தலையிலும் ஊற்றிக்கொண்டிருந்தார். மொட்டுகளெல்லாம் குளித்த பிள்ளைகள் மாதிரி ஒழுகிக்கொண்டு நின்றன. ஸ்ப்ரேயர் மூலையில் கிடந்தது. ஊற்றி முடித்ததும் எல்லாச் சாக்கையும் இறக்கிவிட்டு, குளிர்ச்சி போகாமல் இழுத்து மூடிவிட்டு வந்தார்.

"ஸ்ப்ரேயர்லதான அடிச்சீங்க அத்த?" என்று, திரும்ப வந்து படுத்திருந்த பாயிலிருந்தே கேட்டேன்.

"பின்ன? அதுலதான்" என்றார். என் பக்கம் திரும்பவில்லை. வலது கட்டைவிரலை மற்றக் கையால் தேய்த்துக்கொண்டே போனார். அந்த விரல் மடங்காது, முட்டி வீங்கிப் பல காலம் ஆகிறது. அதை வைத்துக்கொண்டு ஸ்ப்ரேயரின் பிடியை எப்படி அமுக்குவார்? எனக்கு அப்போதுதான் உறைத்தது.

காரணம் கிடைத்துவிட்டது. தண்ணீரையும் வைக்கோலையும் விதையையும் மாற்றி நான் முதுகொடிந்ததெல்லாம் வீண். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது. ஏனென்றால் இதற்கு மருந்து நான்தான். அந்த மூன்று நாளும் நானே உள்ளே போனால் புள்ளி விழாது, ஆடும் வராது. ஆனால் கொட்டகைக்குப் போகலாம் என்று ஆகிவிட்டால் சமையற்கட்டுக்கு ஏன் போகக் கூடாது? அடுத்த தெருவில் ஒரு வீட்டில் அப்படித்தான் ஆயிற்று. காலம் மாறிவிட்டது, இதெல்லாம் எதற்கு என்று பெரியவர்களே விட்டுக்கொடுத்தார்கள். எல்லோரும் பாராட்டினோம். இப்போது அந்த நாட்களிலும் அந்தப் பெண் இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு மூன்று வேளையும் அடுப்படியில் நிற்கிறாள். பாயும் போயிற்று, படுக்கிற உரிமையும் போயிற்று. கொட்டகையா, பாயா என்று என்னையே கேட்டுக்கொண்டு நான்கைந்து நாள் சுற்றினேன். இரண்டில் எதை விட்டாலும் எனக்கென்று இருப்பதில் பாதி போய்விடும்.

அழுகின கொத்துகளைக் கிள்ளிக் கூடையில் போடும்போதுதான் சொன்னேன். அத்தை கூடையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மொட்டு மேல் தண்ணீர் நின்றால் இப்படித்தான் ஆகும், சொம்பில் ஊற்றினால் நிற்கும் என்று மெதுவாகத்தான் சொன்னேன். அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்ப என்னாலதானா?"

"உங்க மேல தப்பு இல்ல அத்த. வெரல் அமுக்க மாட்டேங்குது, நீங்க இன்னா பண்ணுவீங்க. இனிமே அந்த நாள்லயும் நானே போயிக்கிறேன்."

அத்தைக்குக் கோபம் என்று நினைத்தேன். ஊறுகாய் ஜாடியைப் பற்றி ஆரம்பிப்பார் என்று நினைத்தேன். அவர் மணலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

"எனக்கு நின்னுபோன வருசம் எல்லாரும் சொன்னாங்க, இனிமே உனக்கு ஒரு தொந்தரவும் இல்லன்னு. நான் மாட்டுக் கொட்டாயாண்ட குந்திக்கினு அழுதேன். இனிமே எப்பம்மா நான் படுப்பேன்?"

நான் அழுகின கொத்து ஒன்றைக் கிள்ளிக் கூடையில் போட்டேன்.

"தீட்டப் பத்தி எனக்கு இன்னா தெரியும். எங்க மாமியா சொல்லுச்சி, கெட்டியா புடிச்சிக்கினேன். அத வுட்டா என்ன யாரு படுக்கச் சொன்னாங்க? நீ ஒரு தபா உள்ள போயிட்டீன்னா அப்பறம் அவ்ளோதான். திரும்பக் கேட்டா குடுக்க மாட்டாங்க. என் புள்ளயும் குடுக்க மாட்டான்."

இத்தனை வருஷம் இந்த மனுஷி என்னைத் தள்ளி வைக்கிறார் என்று மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டே அந்தப் பாயில் படுத்திருக்கிறேன். அவர் எனக்குக் காவல் இருந்திருக்கிறார். "அப்ப கொட்டாய இன்னா அத்த பண்றது?" என்று மட்டும் கேட்டேன்.

"இரு" என்றார்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து சாப்பிட உட்கார்ந்தார். அத்தை குழம்பை ஊற்றிக்கொண்டே ஆரம்பித்தார்.

"காளான் ஏன் கெட்டுப்போவுதுன்னு இன்னிக்கித்தான் தெரிஞ்சிது."

"ஏனாம்?"

"அவ தூரமா இருக்கிறப்ப யாரு சோறு போடறது? நான்தான? அவ தட்டுல போட்டுட்டு அதே கையோட நான் கொட்டாயில போறேன். அப்ப எனக்கும் அது ஒட்டிக்கும்ல? அதான் பூக்குது. இனிமே அந்த மூணு நாளு நாங்க ரெண்டு பேருமே உள்ள போவக் கூடாது. நீதான் போவணும்."

"நானா? எனக்கு இன்னா தெரியும்?"

"எவ்ளோ பெரிய டிராக்டர ஓட்டற. அந்தக் குட்டி பாட்டல அமுக்கத் தெரியாதா?"

அலுவலர் சொன்னதைச் சொல்லியிருந்தால் வீட்டுக்காரர் வாதாடியிருப்பார். நான் சொல்லியிருந்தால் ஆட்டைப் பற்றிப் பேசியிருப்பார். தீட்டு என்று அம்மா சொல்லிவிட்ட பிறகு வாதாட அவருக்குத் துணிச்சல் கிடையாது. ரசத்துக்குக் கையேந்திக்கொண்டு, "ஆடு வாங்கலாம்னு சொன்னனே" என்று இழுத்தார். "ஆட்டுக்கும் தண்ணி காட்டணும்" என்றார் அத்தை. அதோடு பேச்சு முடிந்தது. நான் முகத்தை மறைத்துக்கொள்ள அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் நான் பாயில் படுத்தேன். அத்தை காலையிலேயே சோற்றையும் குழம்பையும் இறக்கி வைத்துவிட்டு, கயிற்றுக் கட்டிலைத் தாழ்வாரத்தில் என் பக்கத்தில் இழுத்துப் போட்டார். "எனக்கும்தான ஒட்டிக்கிச்சி" என்று சொல்லிவிட்டுக் காலை நீட்டினார். கொட்டகையில் புஸ் புஸ்ஸென்று சத்தம் கேட்டது. நடுவில் வீட்டுக்காரர் எதையோ இடித்துக்கொண்டு திட்டுகிற சத்தமும் கேட்டது. அத்தைக்கு ஐந்தே நிமிஷத்தில் குறட்டை வந்துவிட்டது. அவர் பகலில் தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நான்காம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உள்ளே போனேன். ஒரு குடையிலும் புள்ளி இல்லை. நாற்றம் இல்லை. அழுகின மொட்டு ஒன்றுகூட இல்லை. ஆனால் காம்பெல்லாம் விரல் நீளத்துக்கு நீண்டு, மேலே குடை பொத்தான் அளவுக்கு நின்றிருந்தது. மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலிக்குக் கீழே வேர்க்கடலைத் தோல். தண்ணீர் அடித்துவிட்டு, எல்லாச் சாக்கையும் இறக்கிவிட்டுக்கொண்டு, அந்தக் குளிர்ச்சியில் உட்கார்ந்து வீட்டுக்காரர் மத்தியானம் வரைக்கும் போனில் கிரிக்கெட் பார்த்திருக்கிறார்.

கடைக்காரர் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா, இந்தத் தபா காம்பு நீட்டமா வந்திருக்குது?" என்றார். சில சமயம் அப்படி வரும் என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டாலும் எடுத்துக்கொண்டார். அலுவலருக்குப் படம் அனுப்பினேன். புள்ளி போய்விட்டதில் அவருக்கு மகிழ்ச்சி. "காத்து பத்தலம்மா, சாக்கத் தூக்கி விடுங்க" என்று எழுதியிருந்தார். சரி சார் என்று பதில் போட்டேன்.

அதற்கு அடுத்த மாதம் பாயில் படுத்திருக்கும்போது கொட்டகையில் புஸ் சத்தம் நின்றது. சாக்குகளை ஒவ்வொன்றாக இறக்குகிற சத்தம் வந்தது. பிறகு நாற்காலியை இழுக்கிற சத்தம். சாக்கைத் தூக்கிவிடுங்கள் என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். கொடுத்தால் அவர் என்ன சொல்வார் என்றும் எனக்குத் தெரியும். இவ்வளவு தெரிந்தவள் நீயே வந்து பார்த்துக்கொள் என்பார். ஆனாலும் என் காளான். வாயைத் திறந்து பாதி எழுந்துவிட்டேன்.

கட்டிலில் தூங்குகிறார் என்று நான் நினைத்திருந்த அத்தை கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி என் தோளை அமுக்கினார்.

"நீளமா இருந்தா இன்னா, கொழம்புல வெந்துடும். படு" என்றார்.

படுத்துவிட்டேன்.